ஆட்டம் பகலில், திருத்தம் இரவில்

2003 மே மாதம் லாஸ் வேகாஸின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ விடுதியில் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டி நடந்தது. தலைக்கு 10,000 டாலர் நுழைவுக் கட்டணம்; 839 பேர் ஆடினார்கள். கடைசியில் எஞ்சியவர்கள் இருவர். ஒருவர் சாமி ஃபர்ஹா, பல ஆண்டுகள் பெரிய மேசைகளில் ஆடிப் பழகிய தொழில்முறை ஆட்டக்காரர். மற்றவர் கிறிஸ் மணிமேக்கர், டென்னசி மாநிலத்தில் கணக்காளராக வேலை பார்த்தவர். இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதிச் சுற்றில் வென்று அங்கு வந்து சேர்ந்தவர். இருவரும் மோதிய ஒரு கையில் ஃபர்ஹாவிடம் ஒன்பதாம் எண் சீட்டுகளில் ஒரு ஜோடி சேர்ந்திருந்தது. மேசையில் விரித்திருந்த சீட்டுகளில் ஒன்பதைவிடப் பெரியது எதுவும் இல்லை. மணிமேக்கரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. கடைசிச் சீட்டு விழுந்ததும் அவர் தன்னிடம் இருந்த சில்லுகள் அத்தனையையும் பந்தயமாக வைத்தார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்தார். எதிராளி காத்திருந்த சீட்டு வராமல் போயிருக்க வேண்டும் என்று வாய்விட்டே ஊகித்தார். அந்த ஊகம் சரி. ஆனாலும் அவர் சீட்டை மடக்கிப் போட்டுவிட்டார். போட்டியை மணிமேக்கர் வென்றார். பரிசு 25 லட்சம் டாலர்.

அந்தக் காட்சியைப் பார்க்கும் எவருக்கும் ஃபர்ஹாவைக் குறை சொல்லத் தோன்றும். மேசையில் பொருத்திய சிறு கேமராக்கள் இருவர் சீட்டையும் நமக்குக் காட்டிவிடுகின்றன. ஃபர்ஹாவுக்குத் தெரிந்தவை தன் கையில் இருந்த இரண்டு சீட்டும் மேசையில் கிடந்த ஐந்து சீட்டும் மட்டுமே. அந்த ஏழு சீட்டையும், எதிராளி அதுவரை பந்தயம் கட்டிய விதத்தையும் வைத்துக்கொண்டு, அவர் மடக்கியது சரியா தவறா என்று ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். ஒருமித்த முடிவு வரவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த முடிவின்மைதான். போக்கரில் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை: முழுக்கச் சரி என்றும் சொல்ல முடியாது, முழுக்கத் தவறு என்றும் தள்ள முடியாது. எனவே இந்த ஆட்டத்தில் தேர்ச்சி என்பது பிசகே இல்லாத முடிவுகளை எடுப்பதில் இல்லை. பிசகு இருக்கக்கூடிய ஒரு முடிவை எடுத்துவிட்டு, அதன் விளைவையும் பார்த்துவிட்டு, அந்த எரிச்சல் அடுத்த முடிவைத் தொடாமல் காப்பதில்தான் இருக்கிறது. இது சீட்டாட்டத்துக்கு வெளியிலும் செல்லுபடியாகும் என்று நம்புகிறேன். ஆனால் போக்கரில் அளந்து காட்ட முடிவதைப்போல் வேறெங்கும் முடியாது என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1988-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் பேரன், ஜான் ஹெர்ஷி ஆகிய இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதய நோயுள்ள 55 வயது மனிதருக்கு அறுவைச் சிகிச்சை செய்ய ஒரு மருத்துவர் முடிவெடுக்கிறார். அந்தச் சிகிச்சையில் நூற்றில் எட்டுப் பேர் இறந்துபோகிறார்கள். இது நோயாளி பிழைத்ததாக ஒரு கதையாகவும், இறந்ததாக இன்னொரு கதையாகவும் படிக்கத் தரப்பட்டது. மருத்துவரிடம் இருந்த தகவலோ, அவர் யோசித்த விதமோ இரண்டு கதையிலும் மாறவில்லை. ஆனாலும் படித்தவர்கள், நோயாளி பிழைத்த கதையில் அவர் முடிவை உயர்வாகவும், இறந்த கதையில் தாழ்வாகவும் மதிப்பிட்டார்கள். விளைவைக் கொண்டு முடிவை எடைபோடக் கூடாது என்று அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கூடாது என்று தெரிந்தே செய்தார்கள். அடுத்தவரை எடைபோடும்போதே இப்படி என்றால், இழந்த பணத்தின் வலியோடு நம்மை நாமே எடைபோடும்போது நிதானத்தை எதிர்பார்ப்பது கடினம்.

போக்கர் இந்தப் பழக்கத்தை ஓயாமல் சீண்டுகிறது. டெக்சஸ் ஹோல்டெம் என்ற, இன்று உலகெங்கும் ஆடப்படும் வகையில் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த தொடக்கக் கை ஏஸ் ஜோடி. சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் அது வரும். எதிராளியிடம் அடுத்த சிறந்த கையான கிங் ஜோடி இருந்து, இருவரும் எல்லாச் சில்லுகளையும் வைத்தால், ஏஸ் வைத்திருப்பவர் நூற்றுக்குச் சுமார் 82 முறை வெல்வார். மீதி 18 முறை, ஒரு பிழையும் செய்யாமல் தோற்பார். நெடுங்காலம் ஆடுபவருக்கு இது பலமுறை நேரும். அடுத்தடுத்து இரண்டு முறை நேர்வதுகூட நூற்றுக்கு மூன்று என்ற அளவில் இருக்கிறது. அதிசயம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. இந்தக் கணக்கு தெரியாததால் வருவதல்ல கோபம். கணக்கு தெரிந்தவரும் உள்ளுக்குள் “இது எனக்குச் சேர வேண்டியது” என்று உரிமை கொண்டாடிவிடுகிறார். 82 என்பதை அவர் மனம் 100 என்று பதிந்துகொள்கிறது. பிறகு வரும் தோல்வி வெறும் தோல்வியாக இல்லாமல் அநீதியாகத் தெரிகிறது. இணையப் போக்கர் ஆடுபவர்களிடம் ஹெல்சின்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இழப்பு அனுபவங்களைக் கேட்டுத் தொகுத்து 2013-இல் வெளியிட்ட ஆய்விலும் திரும்பத் திரும்ப வந்தது இந்த அநீதி உணர்வுதான்.

சரியாக ஆடித் தோற்றதை ஏற்றுக்கொள்வது இதில் எளிய பாதி. கடினமான பாதி, உண்மையாகவே சறுக்கிய முடிவை ஏற்றுக்கொள்வது. “நான் சரியாகத்தான் ஆடினேன்” என்ற ஆறுதல் அங்கே கிடைக்காது. போக்கர் பற்றிய பேச்சுகளில் முதல் பாதிக்குத்தான் இடம் அதிகம். ஆனால் ஆட்டக்காரரை இரவு முழுக்க அரிப்பது இரண்டாவது பாதி. அங்கே முழுமை என்ற எதிர்பார்ப்பையே கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத இருவர் ஹோல்டெம் ஆட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய நிலைகள், ஒன்றுக்குப் பின்னால் 161 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணிக்கை கொண்டவை. அதைவிடப் பன்மடங்கு எளிய வகை, பந்தயத்தின் அளவு நிர்ணயிக்கப்பட்ட இருவர் ஆட்டம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் சுமார் 4,800 கணினிச் செயலிகளை இரண்டு மாதத்துக்கு மேல் ஓடவிட்டு, அதற்கு விடை கண்டுவிட்டதாக 2015-இல் அறிவித்தார்கள். அந்த விடைகூட முழுமையானதல்ல. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க ஆடினாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சிறிய பிசகு மிஞ்சியபோது, இது போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். அத்தனை இயந்திரங்களை வைத்துக்கொண்டு அறிஞர்கள் “போதும்” என்று சொன்ன இடத்தில், அரை நிமிடத்தில் முடிவெடுக்கும் மனிதர் குற்றமற்ற முடிவைத் தன்னிடம் கேட்பது நியாயமே இல்லை. 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்கள் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமான அளவு நல்லதைக் கண்டதும் நிற்கிறார்கள் என்றார். அறிவுக்கும் நேரத்துக்கும் எல்லை இருக்கும்போது அப்படி நிற்பதுதான் பகுத்தறிவு என்று காட்டியது அவர் செய்த பெரிய பணி.

பிசகின் விலை எவ்வளவு, பிசகுக்குப் பின் வரும் கோபத்தின் விலை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுவில் 900 சில்லுகள் கிடக்கின்றன. இன்னும் 300 வைத்தால் நீங்கள் ஆட்டத்தில் தொடரலாம். நூற்றுக்கு 25 முறை வெல்லும் வாய்ப்பு இருந்தால் வைத்தது வீணாகாது. உங்களுக்கு 25 இருப்பதாக மதிப்பிட்டு வைத்துவிட்டீர்கள். உண்மையில் இருந்தது 22. அந்தத் தவறான கணிப்பின் சராசரி விலை 36 சில்லு. ஆனால் உங்கள் கண்ணில் படுவது 36 அல்ல, கையைவிட்டுப் போன 300. அந்த ஆத்திரத்தில் அடுத்த கையிலேயே, நூற்றுக்கு 35 முறை மட்டுமே வெல்லக்கூடிய சீட்டை வைத்துக்கொண்டு, சமப் பந்தயமாக 3,000 சில்லுகளை வைக்கிறீர்கள். அதன் சராசரி விலை 900. முதல் பிழையைப்போல் இருபத்தைந்து மடங்கு. இரவு உட்கார்ந்து வருந்தும்போது பெரும்பாலோர் வருந்துவது முதல் பிழைக்காக. “அதை மட்டும் மடக்கியிருந்தால்” என்றுதான் பேச்சு ஓடும். கணக்கு சுட்டும் குற்றவாளி வேறு.

எண்கள் நான் இட்டவை. போக்கு நான் இட்டதல்ல. கேரி ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இணையத்தில் பெரிய தொகைக்கு ஆடிய அனுபவசாலிகளின் ஆட்டப் பதிவுகளை அலசினார்கள். 1,000 டாலரோ அதற்கு மேலோ வென்ற கைக்குப் பிறகும், அதே அளவு இழந்த கைக்குப் பிறகும் அவர்கள் எப்படி ஆடினார்கள் என்று ஒப்பிட்டார்கள். பெரும் இழப்புக்குப் பின் கட்டுப்பாடு தளர்ந்தது. வழக்கமாக மடக்கிவிடும் சீட்டுகளோடும் ஆட்டத்தில் இறங்கினார்கள். இழப்பு தரும் வலி அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் சொன்னதோடு இது பொருந்திப் போகிறது. வலியைப் போக்க மனம் தேடும் குறுக்குவழி, போனதை உடனே மீட்பது. ஆட்டக்காரர்கள் இந்த நிலையை ‘டில்ட்’ என்கிறார்கள். புதியவர்களுக்கு மட்டும் வரும் நோயல்ல இது.

என் வாதத்துக்கு வலுவான சான்று கிடைப்பது, கோபமே வராத ஓர் ஆட்டக்காரரிடம். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரின் ரிவர்ஸ் கேசினோவில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டூமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் மோதியது. இருபது நாள், 1,20,000 கைகள். சீட்டு அதிர்ஷ்டம் முடிவைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக, ஓர் ஆட்டக்காரருக்கு விழுந்த சீட்டு வேறொரு மேசையில் இயந்திரத்துக்கு விழும்படி இணை இணையாக ஏற்பாடு செய்திருந்தார்கள். முடிவில் இயந்திரம் 17,66,250 சில்லுகள் முன்னிலையில் இருந்தது. அது வென்றதைவிட, வென்ற முறையே என்னைக் கவர்கிறது. லிப்ரேட்டஸின் ஆட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. அதை உருவாக்கியவர்களே அறிவார்கள். எண்ணிலடங்காத நிலைகளைச் சுருக்கித் தோராயமாகத்தான் அது தன் திட்டத்தை வகுத்திருந்தது. பகலில் மனித ஆட்டக்காரர்கள் வழக்கத்துக்கு மாறான அளவுகளில் பந்தயம் கட்டி அந்த ஓட்டைகளைத் தேடினார்கள். ஓர் ஓட்டை வெளிப்பட்டதற்காக லிப்ரேட்டஸ் தன் அடிப்படைத் திட்டத்தை அங்கேயே கலைத்துப் போடவில்லை. இரவில், ஆட்டம் முடிந்த பிறகு, அன்று எதிராளிகள் அதிகம் தட்டிப் பார்த்த இடங்கள் எவை என்று வரிசைப்படுத்தி, முக்கியமானவற்றுக்கு மீத்திறன் கணினியில் புதிதாகக் கணக்குப் போட்டு அடைத்துக்கொண்டது. மனிதர்களும் அதையே செய்தார்கள்: அன்றைய பதிவுகளை வைத்துக்கொண்டு இரவில் கூடி ஆலோசித்தார்கள். ஆடும் நேரம் வேறு, திருத்தும் நேரம் வேறு என்ற இந்தப் பிரிவினைதான் நான் வலியுறுத்துவது. முடிவை ஏற்றுக்கொள்வது என்றால் அதைச் சரியென்று சாதிப்பதல்ல. அதன் மீதான விசாரணையை, அறிவு தெளிந்திருக்கும் ஒரு நேரத்துக்குத் தள்ளிவைப்பது.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் போதனை சோம்பேறிக்குச் சாக்காகிவிடாதா? “என் முடிவு சரி, சீட்டு சதி செய்தது” என்று தோற்பவர்கள் எல்லாரும் சொல்லிக்கொள்ளலாமே? சொல்லிக்கொள்கிறார்கள் என்பதே உண்மை. அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு பங்குள்ள ஆட்டத்தில் தன்னை ஏமாற்றிக்கொள்வது மிக எளிது. ஆனால் அந்தச் சாக்கை உடைப்பதும் விளைவிலிருந்து முடிவைப் பிரித்துப் பார்க்கும் பழக்கமேதான். தோற்ற கையை மட்டும் நினைவில் வைத்திருப்பவரிடம் புலம்பல் இருக்கும், சான்று இருக்காது. எந்தச் சீட்டோடு, எவ்வளவு பந்தயத்துக்கு, என்ன கணிப்பில் இறங்கினோம் என்று குறித்து வைத்தால் நூற்றுக்கணக்கான கைகளுக்குப் பிறகு உண்மை வெளியே வந்துதான் ஆக வேண்டும். திறமைக்கு இங்கே இடமில்லை என்பதும் சரியல்ல. 2010 உலகத் தொடரின் முடிவுகளை ஆராய்ந்த ஸ்டீவன் லெவிட், தாமஸ் மைல்ஸ் என்ற இருவர், முன்கூட்டியே திறமைசாலிகளாக அடையாளம் காணப்பட்டவர்கள் கட்டிய பணத்தின் மீது சராசரியாக 30 விழுக்காட்டுக்கு மேல் லாபம் பெற்றதையும், மற்றவர்கள் சராசரியாக 15 விழுக்காடு இழந்ததையும் கண்டார்கள். அந்த வேறுபாடு ஒரு கையில் தெரியாது, ஓர் இரவிலும் தெரியாது.

கோபம்தான் மனிதனை முன்னேறச் செய்கிறது, அதை அணைத்துவிட்டால் வெறி இல்லாத ஆட்டக்காரர்தான் மிஞ்சுவார் என்பது இன்னொரு மறுப்பு. இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். தோல்வி உறுத்தாதவர் இரவில் உட்கார்ந்து ஆராயமாட்டார். நான் கேட்பது உணர்ச்சியை அழிக்கச் சொல்லியல்ல. மனிதர் இயந்திரமாக முடியாது, ஆகவும் வேண்டாம். கோபம் கிளம்பிவிட்ட பிறகு அறிவு சொல்வதைக் கை கேட்பதில்லை என்பதால், வேலையை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்கிறேன். இவ்வளவு இழந்தால் எழுந்துவிடுவேன் என்ற வரம்பை உட்காருவதற்கு முன் முடிவு செய்வது, பெரிய கை ஒன்று போனதும் இரண்டு சுற்று ஆடாமல் வெளியே நடந்துவிட்டு வருவது, அந்தக் கையை ஒரு வரியில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் வரை அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எல்லாம் அந்த வகை ஏற்பாடுகள். எழுதி வைப்பதில் ஓர் உளவியல் நன்மையும் உண்டு: பிறகு விசாரிப்போம் என்ற உறுதி இருந்தால் மனம் இப்போதே விசாரிக்கத் துடிக்காது. ஹெல்சின்கி ஆய்விலும், நீண்ட அனுபவம் உள்ளவர்கள் இழப்பை ஆட்டத்தின் இயல்பாகவே பார்க்கும் பக்குவத்தோடு பேசியதாகப் பதிவாகியிருக்கிறது.

தமிழ் வாசகர் எழுப்பக்கூடிய மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகக் கனமானது. இணைய ரம்மியிலும் போக்கரிலும் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகளைப் படித்த மாநிலம் இது. அந்தத் தீங்கை ஆராய 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2023-இல் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்ட பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாட்டைப் பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. இப்படிப்பட்ட இடத்தில் போக்கர் ஆடுபவரின் மன அடக்கத்தைப் பற்றி எழுதுவது, இழந்தவர் மீதே பழியைத் தூக்கிப் போடுவதாகிவிடாதா? ஆகிவிடும், ஆடுபவரின் மனத்தோடு வாதம் நின்றுவிட்டால். நான் மேலே சொன்ன ஏற்பாடுகள் அனைத்துக்கும் தேவையானது இடைவெளி: எழுந்து போக ஒரு நேரம், மறுநாள் வரை ஒரு பொறுமை. கைபேசியில் நள்ளிரவிலும் திறந்திருக்கும், ஒரு கை முடிந்த நொடியில் அடுத்ததைக் கொடுக்கும், கணக்கில் பணம் தீர்ந்ததும் ஒரே தொடுதலில் நிரப்பிக்கொள்ளச் சொல்லும் செயலி, அந்த இடைவெளியை இல்லாமல் செய்கிறது. இழந்ததைத் துரத்துவது மனிதருக்குப் பொதுவான பலவீனம் என்று ஆய்வுகள் காட்டும்போது, அதைச் சுற்றியே வணிகத்தைக் கட்டுபவர்கள் “பொறுப்புடன் விளையாடுங்கள்” என்ற ஒரு வரியோடு தப்பித்துக்கொள்ளக் கூடாது. வீட்டுப் பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் வைத்து ஆடுபவருக்கு நான் சொல்லக்கூடிய போக்கர் நுணுக்கம் எதுவும் இல்லை. அவர் ஆடக் கூடாது. உதவி தேடும்போது அவரைக் குற்றவாளியாகப் பார்க்கவும் கூடாது.

இந்த விவாதங்களில் ஏறக்குறைய யாருமே பேசாத ஒருவர் இருக்கிறார்: இழந்ததைத் துரத்திப் போய் வென்றவர். முன்பு போட்ட கணக்கில், நூற்றுக்கு 35 வாய்ப்போடு 3,000 சில்லுகளை வைத்த அதே மனிதர் மூன்றில் ஒரு முறைக்கும் சற்று அதிகமாகவே வெல்வார். அன்று இரவு அவருக்கு எரிச்சல் இருக்காது. எதையும் எழுதி வைக்கமாட்டார், யாரிடமும் ஆலோசனை கேட்கமாட்டார். துணிந்தால் மீட்கலாம் என்று அவருக்கு ஒரு பாடம் பதிந்துவிடும். அடுத்த முறை அவர் வைக்கும் தொகை இன்னும் பெரிதாக இருக்கக்கூடும். விளைவைக் கொண்டு முடிவை எடைபோடும் பழக்கம் தோற்றவருக்குச் செய்யும் கேட்டைவிட இவருக்குச் செய்யும் கேடு அதிகம். ஆகவே அன்றன்றைய ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்க உட்காருபவர்கள் தோற்ற கைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. வென்ற கைகளையும் எடுக்க வேண்டும். அதிலும் கோபத்தோடு இறங்கி வென்றவற்றை முதலில் எடுக்க வேண்டும்.